பகடை இல்லாமல் சீட்டுக்கட்டை வைத்து அரண்மனைச் சூழ்ச்சி ஆடுவது எப்படி?

கேள்வி இதுதான்: நாலைந்து பேர் வாராவாரம் கூடி ஆடுகிற ஒரு குழு. இதுவரை பகடை உருட்டுகிற ரோல்-பிளேயிங் ஆட்டங்கள்தான், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையை நடத்திச்செல்கிற ஆட்டங்கள்தான், ஆடியிருக்கிறார்கள். நிலவறை, பூதம், புதையல், வாள்சண்டை. இப்போது அரண்மனைக்குள் நடக்கிற சூழ்ச்சிக் கதை ஒன்றை ஆட ஆசைப்படுகிறார்கள். சாதாரணச் சீட்டுக்கட்டை வைத்து அப்படி ஆட ஏதாவது ஆட்டம் உண்டா? இருந்தால், சீட்டு வெறும் அலங்காரமா, இல்லை அதற்கு ஆட்டத்தில் உண்மையிலேயே வேலை இருக்கிறதா?

உண்டு. அதுவும் இந்த வேலைக்கென்றே பிறந்தது போல ஒன்று இருக்கிறது. பெயர் காசில் ஃபால்கன்ஸ்டைன். 1994-ல் ஆர். டால்சோரியன் கேம்ஸ் வெளியிட்டது. வடிவமைத்தவர் மைக் பாண்ட்ஸ்மித். சைபர்பங்க் ஆட்டத்தை உருவாக்கிய அதே ஆள். களம் 1870-களின் ஐரோப்பா, ஆனால் நம் வரலாற்றிலிருந்து கொஞ்சம் விலகிப்போன ஐரோப்பா. நீராவி இயந்திரம், மந்திரவாதிகளின் சங்கங்கள், தேவதைக் குலம், டிராகன் எல்லாம் உண்டு. நடுவில் தெற்கு ஜெர்மனியில் இருந்த பவேரியா நாட்டின் அரசர் இரண்டாம் லுட்விக். எதிரே வடக்கு ஜெர்மனியின் பெரிய அரசான புருஷ்யாவின் பிரதம அமைச்சர் பிஸ்மார்க். டாம் ஓலம் என்ற கணினி விளையாட்டு ஓவியரை யாரோ மந்திரத்தால் நம் உலகத்திலிருந்து அங்கே இழுத்துவிட்டார்கள், அவர் எழுதி அனுப்பியதுதான் இந்தப் புத்தகம் என்று ஒரு பாவனை. முதல் பாதி அவருடைய கதை, பின்பாதி விதிகள்.

பகடைக்குப் பதில் சீட்டு ஏன் என்பதற்குப் புத்தகம் சொல்லும் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. பகடை உருட்டுவது சாராயக்கடைக்காரர்களும் போக்கிரிகளும் செய்கிற காரியம்; மரியாதைப்பட்ட சீமாட்டிகளும் கனவான்களும் வரவேற்பறையில் உட்கார்ந்து சீட்டுத்தான் ஆடுவார்கள். அழகான காரணம். ஆனால் ஆடிப் பார்த்தால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று தெரியவரும். பகடையில் முதலில் துணிகிறீர்கள், பிறகு விதி பதில் சொல்கிறது. சீட்டில் விதி முன்பே உங்கள் கைக்கு வந்துவிட்டது, இனித் துணிய வேண்டியதுதான் பாக்கி. விருந்து மண்டபத்துக்குள் நுழையும்போதே இன்றிரவு எது கைகூடும், எது கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. அரண்மனைச் சூழ்ச்சி என்பதே அதுதானே. ஒவ்வொருவரும் எதையோ கையில் வைத்துக்கொண்டு, முகத்தில் காட்டாமல், இறக்க வேண்டிய நேரத்துக்காகக் காத்திருப்பது. ரம்மியோ 304-ஓ ஆடிப் பழகியவர்களுக்கு, ஒரு நல்ல சீட்டைக் கடைசிவரை பிடித்து வைத்திருப்பதில் உள்ள வேதனையும் சுகமும் சொல்லாமலே புரியும்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு ஜோக்கரோடு சேர்த்து 54 சீட்டு. ஆளுக்கு நான்கு. ஆட்டத்தை நடத்துபவரை இங்கே கேம் மாஸ்டர் என்று சொல்வதில்லை, ஹோஸ்ட் என்கிறார்கள். அவர் கையிலும் நான்கு. மீதி நடுவில் கவிழ்ந்திருக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் திறமைகள் உண்டு, ஒவ்வொரு திறமைக்கும் ஒரு தரம்: மோசம் என்றால் 2, சராசரி 4, நன்று 5, மிக நன்று 6, அபூர்வம் 8, அசாத்தியம் 10. புதுப் பாத்திரம் உருவாக்கும்போது ஒன்றில் மிக நன்று, நான்கில் நன்று, ஒன்றில் மோசம் என்று எடுத்துக்கொள்வீர்கள். மற்றதெல்லாம் சராசரி.

ஒவ்வொரு திறமையும் சீட்டின் நான்கு இனங்களில் ஏதாவது ஒன்றுக்குச் சொந்தம். ஹார்ட்டின் உணர்ச்சிக்கு: வசீகரம், காதல். டைமண்ட் அறிவுக்கு: படிப்பு, கூர்ந்து கவனித்தல். கிளாவர் உடம்புக்கு: வாள்வீச்சு, பதுங்கி நடத்தல். இஸ்பேட் அந்தஸ்துக்கு: சபை நடை, செல்வாக்கான தொடர்புகள். ஒரு காரியம் செய்யும்போது உங்கள் திறமையின் எண்ணோடு கையிலிருந்து எத்தனை சீட்டு வேண்டுமானாலும் இறக்கலாம். இனம் பொருந்தினால் சீட்டின் முழு மதிப்பும் சேரும். ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13, ஏஸ் 14. இனம் பொருந்தாவிட்டால் அது ராஜாவே ஆனாலும் மதிப்பு 1 மட்டும். ஜோக்கர் எந்த இனத்துக்கும் பொருந்தும், மதிப்பு 15. எதிராளியின் திறமையோடு ஹோஸ்ட் இறக்கிய சீட்டு சேர்ந்து வரும் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவார்கள். எதிர் எண்ணில் பாதிகூட வரவில்லை என்றால் படுதோல்வி. அதை எட்டாவிட்டால் தோல்வி. எட்டினால் அரைகுறை வெற்றி, ஒன்றரை மடங்கு ஆனால் முழு வெற்றி, இரண்டு மடங்கு ஆனால் அமோக வெற்றி. இறக்கியது கழிவுக்குப் போகும், நடுக்கட்டிலிருந்து எடுத்து மறுபடி நான்காக நிரப்பிக்கொள்வீர்கள்.

அவ்வளவுதான் எலும்புக்கூடு. இதில் சூழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம்.

பவேரியத் தலைநகர் மியூனிக்கின் அரண்மனையில் ஒரு நடன விருந்து. நீங்கள் ஒரு சீமாட்டி. புருஷ்யத் தூதரகத்து ராணுவ அதிகாரி ஒருவரின் கோட்டுப் பையில் ஒரு கடிதம் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விடிவதற்குள் தெரிந்தாக வேண்டும். உங்கள் கையில் ஹார்ட்டின் ராணி, இஸ்பேட் 9, கிளாவர் 3, டைமண்ட் 2. பதுங்கி நடப்பதில் நீங்கள் சராசரி, வசீகரத்தில் நன்று, சபை நடையில் மிக நன்று.

பகடை ஆட்டமாக இருந்தால், அவர் நடனமாடும்போது பின்னால் போய்ப் பையில் கைவிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு சபலம் வரும். உருட்டிப் பார்த்தால் போச்சு. இங்கே அந்தச் சபலத்துக்கு இடமே இல்லை. பதுங்குவதற்கு 4, கிளாவர் 3, ஆக 7. வாசலில் நிற்கும் சேவகனின் கவனிப்பு 6 என்று வையுங்கள், ஹோஸ்ட் ஒரு டைமண்ட் 10 இறக்கினால் 16. நீங்கள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் கையும் களவுமாகப் பிடிபடுவீர்கள். இது உங்களுக்கு முன்பே தெரியும். அதனால் திருடப் போக மாட்டீர்கள்; அந்த அதிகாரியை நடனத்துக்கு அழைப்பீர்கள்.

வசீகரம் 5, ராணி 12, ஆக 17. அவருடைய மன உறுதி 5, ஹோஸ்ட் இறக்கியது ஹார்ட்டின் 4, ஆக 9. ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டீர்கள், முழு வெற்றி. கடிதத்தில் இருப்பதை அவர் வாயாலேயே உளறிவிடுகிறார். ஆனால் கிளாவர் 3-ஐயும் டைமண்ட் 2-ஐயும் சேர்த்து இறக்கியிருந்தால்? இரண்டும் பொருந்தாத இனம், தலா 1. மொத்தம் 19, இரண்டு மடங்கு தாண்டிவிட்டது. இப்போது அவர் உளறுவதோடு நிற்க மாட்டார், கடிதத்தையே எடுத்து உங்கள் விசிறிக்குள் வைத்துவிட்டு, இனி என் எஜமான் பிஸ்மார்க் இல்லை என்பார். ஒன்றுக்கும் உதவாத இரண்டு துண்டுச் சீட்டு ஒரு ஆளைக் கட்சி மாற வைத்துவிட்டது. இஸ்பேட் 9 இன்னும் உங்கள் கையில் பத்திரமாக இருக்கிறது, அடுத்த காட்சியில் அமைச்சரைச் சந்திக்கும்போது தேவைப்படும்.

எங்கள் மேசையில் இரு பக்கமும் சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திறப்போம். இப்படிச் செய்தால் எவ்வளவு இறக்குவது என்பதே ஒரு தனிச் சூதாட்டம் ஆகிவிடுகிறது. நீங்களும் இதைச் செய்து பாருங்கள் என்று அழுத்திச் சொல்வேன்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று ஹோஸ்டின் கை. எதிரிகள் எத்தனை பேர் இருந்தாலும் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஹோஸ்டிடம் இருப்பது நான்கே சீட்டு. சேவகனுக்காக அவர் ஒரு டைமண்ட் 10-ஐச் செலவழித்துவிட்டால், அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் உளவுத் தலைவரின் கவனிப்புக்கு இறக்க அவரிடம் டைமண்டே இல்லாமல் போகலாம். அதாவது, ஒருத்தர் முற்றத்தில் வேண்டுமென்றே ஒரு ரகளை செய்து கவனத்தைத் திருப்ப, இன்னொருத்தர் மாடியில் அலமாரியைத் திறப்பது என்ற பழைய தந்திரம் இங்கே கணக்காகவே வேலை செய்யும். ஹோஸ்டை ஓரிடத்தில் செலவழிக்க வைத்து இன்னொரு இடத்தில் நுழைவது. விதிப்புத்தகம் இதைத் தனியாக விளக்க வேண்டிய அவசியமே இல்லை, சீட்டு ஆடத் தெரிந்தவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது, வேண்டுமென்றே தோற்க முடியும் என்பது. பகடையைக் கையில் எடுத்துவிட்டால் தோற்பதும் ஜெயிப்பதும் உங்கள் கையில் இல்லை. தோற்க வேண்டும் என்றால் "நான் உருட்டவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும், அப்போதே குட்டு உடைந்துவிடும். சீட்டில் அப்படி இல்லை. கையில் இஸ்பேட் ஏஸை வைத்துக்கொண்டே ஒரு கிளாவர் 2-ஐ இறக்கிவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ளலாம். எதிரி உங்கள் போலிக் கடிதத்தைக் கைப்பற்ற வேண்டுமா? கைப்பற்றட்டும். நீங்கள் சபையில் அவமானப்பட்டதாக அவன் நம்ப வேண்டுமா? நம்பட்டும். மேசையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டாளிக்குக்கூட நீங்கள் உண்மையில் தோற்றீர்களா, விட்டுக்கொடுத்தீர்களா என்று தெரியாது. ஆட்டக்காரர்களே ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்படுகிற அந்த நிலை வந்துவிட்டால், ஹோஸ்டுக்குப் பாதி வேலை மிச்சம்.

இனிக் குறைகள். இருக்கின்றன, மறைக்கக் கூடாது.

முதல் குறை, கை வறண்டுபோவது. ஒரு குறிப்பிட்ட இனத்துக்குப் பயன்படுகிற சீட்டு 54-ல் 15 தான்; 13 அந்த இனம், 2 ஜோக்கர். நான்கு சீட்டில் அவற்றில் ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு கணக்குப் போட்டால் 26 சதவீதம். நான்கு தடவையில் ஒரு தடவை உங்கள் வாள்வீரன் கையில் கிளாவரே இல்லாமல் நிற்பான். சிலருக்கு இது கடுப்பாக இருக்கும்: என் பாத்திரம் மிகச் சிறந்த வாள்வீரன் என்று சொல்லிவிட்டு இதென்ன என்று கேட்பார்கள். என் பதில், சூழ்ச்சிக் கதைக்கு இது நல்லது என்பதே. வாள்வீரனிடம் இன்றைக்கு கிளாவர் இல்லை, ஹார்ட்டின்தான் இரண்டு இருக்கிறது என்றால், அவன் இன்றைக்குச் சண்டையைத் தவிர்த்துப் பேசிப் பார்க்கிறான். மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் குழு வாள்சண்டை ஆட்டத்திலிருந்து வருகிறது என்பதால் இதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பிறகு முணுமுணுப்பு வராது.

இரண்டாவது குறை அதைவிடப் பெரிது. கையில் குப்பைச் சீட்டு சேர்ந்துவிட்டால், அதைக் கழிக்க ஆட்டக்காரர்கள் ஒன்றுமில்லாத காரியங்களைச் செய்ய ஆரம்பிப்பார்கள். "இந்தத் தோட்டத்தில் என்ன பூ பூத்திருக்கிறது என்று கூர்ந்து பார்க்கிறேன்" என்று இரண்டு சீட்டை இறக்கிவிட்டுப் புதிதாக இரண்டு எடுப்பார்கள். விதிப்படி தப்பில்லை. ஆட்டம் செத்துவிடும். இதற்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: தோற்றால் என்ன கெடும் என்று ஹோஸ்டால் சொல்ல முடிந்தால் மட்டுமே சீட்டு இறக்கலாம். பூவைப் பார்ப்பதில் கெடுவதற்கு ஒன்றுமில்லை, அதனால் சீட்டும் இல்லை, பூ என்னவென்று ஹோஸ்டே சொல்லிவிடுவார். இன்னொரு வழி, ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி தொடங்கும்போது ஆளுக்கு ஒரு சீட்டை மாற்றிக்கொள்ள அனுமதிப்பது. இது என் சொந்தச் சேர்க்கை, புத்தகத்தில் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம்.

சரி, கதைக்கு எங்கே போவது? இங்கேதான் இந்த ஆட்டம் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்கிறது. உண்மை வரலாற்றிலேயே லுட்விக்கைச் சுற்றி அத்தனை சூழ்ச்சி இருக்கிறது. ஒரு ஹோஸ்ட் உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டியதே இல்லை.

லுட்விக் 1864-ல் தம் 18-வது வயதில் அரசரானார். 1866-ல் ஆஸ்திரியா பக்கம் நின்று புருஷ்யாவிடம் தோற்றார். 1870-ல் பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜெர்மன் அரசுகளை எல்லாம் ஒரே பேரரசாக்கி அதன் தலையில் புருஷ்ய மன்னரை உட்கார வைக்க பிஸ்மார்க் திட்டமிட்டார். அதற்கான அழைப்பு புருஷ்யாவிடமிருந்தே வந்தால் எடுபடாது, இன்னொரு அரசர் எழுத வேண்டும். பிஸ்மார்க்கே கடிதத்தின் வரைவை எழுதி, லுட்விக்கின் குதிரைலாயத் தலைவர் ஹோல்ன்ஸ்டைன் பிரபுவிடம் கொடுத்தனுப்பினார். அவர் ஹோஹென்ஷ்வாங்காவ் கோட்டைக்குப் போனபோது லுட்விக் பல்வலியோடு படுக்கையில் கிடந்தார். நவம்பர் 30 அன்று அந்த வரைவைத் தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். பிறகு பிஸ்மார்க்கின் ரகசிய நிதியிலிருந்து லுட்விக்குக்குப் பணம் வந்தது. ஹானோவர் அரச குடும்பத்திடமிருந்து புருஷ்யா பறிமுதல் செய்த சொத்து அது. பணத்தில் ஹோல்ன்ஸ்டைனுக்கும் ஒரு பங்கு.

இதை அப்படியே மேசையில் வையுங்கள். ஒருவர் தூதுவர், கடிதம் கையெழுத்தானால் அவருக்குப் பங்கு. ஒருவர் அரசரின் மருத்துவர், பல்வலியை நீட்டிக்கவும் முடியும், குறைக்கவும் முடியும். ஒருவர் அரசரின் நண்பர், கையெழுத்துப் போடவே கூடாது என்பவர். ஒருவர் அரசவைச் செயலர், யார் ஜெயித்தாலும் தம் வேலை நிலைக்க வேண்டும் என்பவர். கதவுக்கு அந்தப் பக்கம் அரசர். விடிவதற்குள் ஒரு முடிவு வேண்டும். பூதமும் வேண்டாம், புதையலும் வேண்டாம், ஒரு மாலைப்பொழுது முழுவதற்கும் இது போதும். ஆட்டத்தின் உலகத்தில் பேரரசு பிறக்கவே இல்லை, பவேரியாவின் பறக்கும் போர்க்கப்பல்கள் புருஷ்யாவைத் தடுத்துவிட்டன. அதனால் அந்தக் கடிதம் எழுதப்படாமல் போன இரவைத்தான் நீங்கள் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

1886-ம் அப்படித்தான். அமைச்சர்கள் லுட்விக்கைப் பதவியிலிருந்து இறக்க முடிவு செய்தார்கள். மனநல மருத்துவர் பெர்ன்ஹார்ட் ஃபொன் குட்டன் தலைமையில் நான்கு மருத்துவர்கள், அரசரை நேரில் பரிசோதிக்காமலே, அவர் ஆளத் தகுதியற்றவர் என்று ஜூன் 8 அன்று அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். ஜூன் 10 விடிகாலையில் ஒரு குழு நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு அவரைப் பிடிக்கப் போனது. உள்ளூர்க் காவலர்களும் ஊர் மக்களும் விடவில்லை. அரசர் அந்தக் குழுவையே பிடித்து அடைத்துவிட்டார். அன்றைக்கே மியூனிக்கில் சித்தப்பா லூயிட்போல்ட் அரசப் பிரதிநிதியாக அறிவிக்கப்பட்டார். இரண்டு நாளில் லுட்விக் பிடிபட்டார். ஜூன் 13 மாலை ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் குட்டனோடு நடக்கப் போனார், அன்றிரவு இருவரும் பிணமாகத் தண்ணீரில் கிடைத்தார்கள். எப்படி என்பதை இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவில் காவலுக்கு நிற்கிற சாதாரணப் போலீஸ்காரர்கள், தந்தி போகிறதா நிற்கிறதா என்ற பதைப்பு: மூன்று வாரம் தொடர்ந்து ஆடலாம்.

ஆட்டத்தின் பெயரில் இருக்கும் கோட்டையும் வெறும் கற்பனை இல்லை. ஃபிரோன்டன் ஊருக்கு மேலே மலையுச்சியில் ஃபால்கன்ஸ்டைன் என்ற பழைய இடிபாடு இருக்கிறது. அதன்மேல் புதிதாக ஒரு கோட்டை கட்ட லுட்விக் ஆசைப்பட்டார், கிறிஸ்டியன் யாங்க் 1883-ல் வரைந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. அரசர் இறந்தபோது மேலே போகச் சாலையும் தண்ணீர்க் குழாயும் மட்டுமே முடிந்திருந்தன. ஆட்டத்தின் உலகத்தில் அந்தக் கோட்டை நிஜமாகவே நிற்கிறது. வாழ்நாளெல்லாம் கனவுக் கட்டடங்களுக்காகக் கடன்பட்டு, அதற்காகவே பதவி இழந்த ஒரு மனிதருக்கு யாரோ ஒருவர் நூறு வருஷம் கழித்து அந்தக் கோட்டையைக் கட்டிக் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கும்போது இந்த ஆட்டத்தின்மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்துவிடுகிறது.

பாத்திரம் உருவாக்குவதில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கட்டம் போட்ட தாளுக்குப் பதில் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் நாட்குறிப்பை எழுத வேண்டும். நான் யார், யாரை நேசிக்கிறேன், யாரை வெறுக்கிறேன், எதை மறைக்கிறேன் என்று பாத்திரத்தின் குரலிலேயே. சூழ்ச்சிக் கதைக்கு நான் இதில் மூன்றைக் கட்டாயமாகக் கேட்பேன்: ஒரு ரகசியம், திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு கடன், எது கேட்டாலும் மறுக்க முடியாத ஓர் ஆள். அந்த ஆள் மேசையில் இருக்கும் இன்னொருவரின் பாத்திரமாக இருந்தால் இன்னும் நல்லது. ராஜ்ஜியத்தை யார் பிடிப்பது என்ற பெரிய கேள்வியில் தொடங்காதீர்கள். அது யாருக்கும் உறைக்காது. இன்றிரவுக்குள் யாருக்கு யாரிடமிருந்து என்ன வேண்டும் என்பதில் தொடங்குங்கள்.

அந்த நாட்குறிப்பை உண்மையான சின்ன நோட்டில் எழுதச் சொல்லி, கதைக்குள்ளும் அதே நோட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யாராவது உங்கள் அறைக்குள் புகுந்து முழு வெற்றி பெற்றால், நோட்டை எடுத்து ஒரு பக்கம் படிக்கலாம். இதைச் சொன்ன மறு நிமிடம் ஆட்டக்காரர்கள் தங்கள் நோட்டைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். சிலர் பொய்ப் பக்கங்கள் எழுத ஆரம்பிப்பார்கள்.

வாள்சண்டையை விட முடியாது என்றால், அதற்கும் அருமையான ஒரு துணை விதி இருக்கிறது. துவந்த யுத்தத்தில் இருவரும் ஆளுக்கு ஆறு சீட்டு எடுத்துக்கொள்கிறார்கள்: தாக்க இரண்டு, தடுக்க இரண்டு, மூச்சுவாங்க இரண்டு. ஒவ்வொரு மோதலிலும் இரண்டைக் கவிழ்த்து வைத்து ஒன்றாகத் திறக்கிறார்கள். மூன்று மோதலில் ஆறும் தீரும். முதல் இரண்டு மோதலை நினைவில் வைத்திருந்தால் கடைசியில் எதிராளி கையில் என்ன மிச்சம் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் கையில் என்ன என்று அவருக்கும் தெரியும். அந்த மூன்றாவது மோதலுக்கு முன்னால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற பார்வை இருக்கிறதே, அதுதான் நிஜ வாள்சண்டை.

மந்திரத்துக்குத் தனியாக இன்னொரு கட்டு வேண்டும். மந்திரவாதி ஒவ்வொன்றாகச் சீட்டு இழுத்துச் சக்தி சேர்ப்பார், மந்திரத்தின் இனத்தோடு பொருந்தாத சீட்டைச் சேர்த்தால் எதிர்பாராத பக்கவிளைவு வரும். நல்ல யோசனைதான். ஆனால் முதல் சில வாரம் மந்திரவாதிப் பாத்திரமே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே மந்திரத்தில் கடிதத்தில் இருப்பது தெரிந்துவிட்டால் நடனமாட யார் போவார்கள்? ஒரு கட்டு மட்டும் இருக்கிறது என்ற உங்கள் நிலைமைக்கும் இது ஒத்துவரும்.

கட்டை எப்போது திரும்பக் கலைப்பது என்று கேட்பீர்கள். ஐந்து பேரும் ஹோஸ்டும் என்றால் கையிலேயே 24 போய்விடும், நடுவில் 30. கட்டு முழுவதும் தீரும்வரை கலைக்காமல் விடுங்கள். பாதி இரவில் மூன்று ஏஸ் கழிவில் கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், நான்காவது யாரிடம் என்பது மட்டும் தெரியாது. அடிக்கடி கலைத்தால் இந்த ருசி போய்விடும்.

வேறு ஆட்டங்களையும் சொல்ல வேண்டும். ஹோஸ்டாக உட்கார யாருக்கும் விருப்பமில்லை என்றால், அலெக்ஸ் ராபர்ட்ஸ் வடிவமைத்து 2019-ல் வந்த ஃபார் த குயீன் பாருங்கள். அதில் இருப்பது சாதாரணச் சீட்டு இல்லை, கேள்வி அச்சடித்த சீட்டு. ஒரு ராணியோடு எல்லோரும் நெடும்பயணம் போகிறீர்கள். ஒவ்வொரு சீட்டும் உங்களுக்கும் ராணிக்கும் இடையில் உள்ள பாசத்தையும் கசப்பையும் ஒரு கேள்வியாகக் கேட்கும். கடைசியில் ராணி தாக்கப்படுகிறாள், காப்பாற்றுவீர்களா என்ற கேள்வி வரும். எந்த முன்தயாரிப்பும் இல்லாமல் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். உங்கள் குழுவில் பாத்திரமாகப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் இருந்தால் முதலில் இதை ஆடிவிட்டு ஃபால்கன்ஸ்டைனுக்கு வருவது நல்ல வழி.

எரிக் வூஜிக்கின் ஆம்பர் ஆட்டம் 1991-ல் வந்தது. அரச குடும்பத்துக்குள்ளேயே பங்காளிச் சண்டை. பகடையும் இல்லை, சீட்டும் இல்லை. ஆளுக்கு 100 புள்ளி கொடுத்து, நான்கு குணங்களையும் ஏலம் விடுவார்கள். யார் முதலிடம் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே அந்த ஏலத்தில் முடிவாகிவிடும், பகையும் அங்கேயே பிறந்துவிடும். முழு ஆட்டமாக எல்லோருக்கும் ஒத்துவராது, ஆனால் அந்த ஏலத்தை மட்டும் கடன் வாங்கலாம்: உங்கள் கதையின் தொடக்கத்தில் அரசவைப் பதவிகள் நான்கைந்தை ஏலம் விட்டுப் பாருங்கள், யார் யாருக்கு எதிரி என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியதே இருக்காது.

ஃபால்கன்ஸ்டைன் மூலப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, மின்நூலாக வாங்கலாம். கதைப் பாதியைக் கட்டாயம் எல்லோரும் படிக்க வேண்டும் என்றில்லை. ஹோஸ்ட் மட்டும் படித்துவிட்டு, பவேரியா, புருஷ்யா, ஆஸ்திரியா மூன்றுக்கும் என்ன தகராறு என்பதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். முதல் வாரம் நாட்குறிப்பு எழுதவும் பல்வலி இரவை ஆடவும் வைத்துக்கொள்ளுங்கள். அரசரின் பாத்திரத்தை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அவர் ஹோஸ்டிடமே இருக்கட்டும். அவருக்காக இறக்கும் சீட்டும் அதே நான்கிலிருந்துதான் வர வேண்டும்.